வாங்கும் ஆசையும் வாங்கும் நோயும்

பொருள் வாங்குகிறவர்களைப் பற்றிக் குறை சொல்வதுபோல் ஒரு கட்டுரையை வியாபாரிகள் பத்திரிகையில் எழுதலாமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஜனங்கள் வாங்கினால்தான் நம் கல்லா நிறையும். அவர்கள் கையை இறுக்கிக்கொண்டால் நம் வீட்டு அடுப்பும் மெதுவாகத்தான் எரியும். அது தெரிந்தேதான் இதை எழுதுகிறோம். டாக்டருக்கும் வீட்டாருக்கும் தெரியவருவதற்கு முன்பே இந்த விஷயத்தைக் கண்ணால் பார்க்கிறவர் கடைக்காரர். பார்த்தும் பல சமயம் நமக்குப் புரிவதில்லை.

எந்த மளிகைக் கடையிலும் இப்படி ஒரு வாடிக்கையாளர் இருப்பார். சீட்டு எழுதிக்கொண்டு வரமாட்டார். விலை கேட்கமாட்டார். ஒரு சோப்பு வாங்க வந்தவர் ரேக்கில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து மேஜைமேல் வைப்பார். போன வாரம் வாங்கிய அதே ஷாம்பூ, அதே ஊதுபத்தி, அதே பிளாஸ்டிக் டப்பா மறுபடியும் வரும். "போன வாரம் வாங்கினது தீர்ந்துபோச்சாம்மா?" என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். நல்ல கிராக்கி என்று நாமும் சந்தோஷப்பட்டு, குழந்தைக்கு ஒரு சாக்லேட் கொடுத்து அனுப்புவோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பற்று நோட்டில் அவருடைய பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கும். அவரோ நம் கடை வாசல் வழியே வராமல் பின்தெரு சுற்றிப் போய்க்கொண்டிருப்பார்.

பாக்கி வராமல் போவது நமக்கு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் அந்த வீட்டுக்குள் நடந்திருக்கும். ஆசைப்பட்டு வாங்குகிறவர் யார், வாங்காமல் இருக்க முடியாமல் வாங்குகிறவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நம் தொழிலுக்கும் நல்லது.

ஆசைப்படுவது குற்றமல்ல

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்தது. அதற்கு முன் இது கேழ்வரகையும் கொள்ளையும் புளியையும் சந்தை நாளையும் நம்பியிருந்த ஊர். 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மொபெட், 80களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. மாதச் சம்பளம் என்ற ஒன்று ஊருக்குள் நுழைந்ததும் நம் வியாபாரத்தின் நடையே மாறிவிட்டது. அறுவடையை ஒட்டி வந்த கூட்டம், மாதத்தின் முதல் பத்து நாளை ஒட்டி வரத் தொடங்கியது. தீபாவளிக்கு முன் போனஸ் பட்டுவாடா ஆகும் வாரத்தில் பாகலூர் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கும் தேன்கனிக்கோட்டை ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கும் சாப்பிட நேரம் இருக்காது. இப்போது எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை பார்க்க ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். வேப்பனப்பள்ளியிலும் ஊத்தங்கரையிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அவர்கள் கையால்தான் முதல்முறையாக நிலையான வருமானம் வருகிறது.

அப்படிப்பட்ட ஒரு பெண் முதல் போனஸில் தன் அம்மாவுக்கு கிரைண்டர் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கடை ஏறி இறங்குவாள். "அந்தக் கடையில இருநூறு ரூபா கம்மியா சொன்னாங்கண்ணா" என்று பேரம் பேசுவாள். கல் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய பிறகு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் விலையைச் சொல்லிக் காட்டுவாள். பத்து வருஷம் அந்த கிரைண்டர் அந்த வீட்டில் மாவு அரைக்கும். ஆடித் தள்ளுபடியில் துணிக்கடை ஏறுவதும், பொங்கலுக்குப் பாத்திரம் எடுப்பதும், கல்யாணச் சரக்கு வாங்க ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருவதும் இந்த வகைதான். பார்க்க ஆடம்பரமாக இருக்கலாம். சமயத்தில் கடனும் ஆகலாம். ஆனால் அது நோய் இல்லை.

இவர்கள் வாங்கியதைக் காட்டுகிறார்கள். அந்த நோய் பிடித்தவர் மறைக்கிறார். ஆசைக்காரருக்குப் பொருள் கைக்கு வந்த பிறகுதான் சந்தோஷம் தொடங்குகிறது. நோய்க்காரருக்குப் பணம் கொடுத்த நிமிஷத்தோடு சந்தோஷம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அவர் பேரம் பேசுவதில்லை, பெட்டியைத் திறப்பதில்லை, வாங்கிய சாமான் கெட்டுப்போயிருந்தாலும் மாற்றிக் கேட்க வருவதில்லை. எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார் என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. லட்ச ரூபாய்க்கு நகை வாங்கியும் தெளிவாக இருக்கிறவர் உண்டு. நூறு ரூபாய் வளையலில் மாட்டிக்கொண்டவரும் உண்டு.

கடைக்காரர்கள் சாட்சி சொன்ன வழக்கு

இது கைப்பேசி வந்த பிறகு முளைத்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து 1865-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி லிங்கனுக்கு வாங்கும் பழக்கம் அளவு மீறி இருந்தது. கையுறைகளை டஜன் கணக்கில் வாங்குவார். கணவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1875 மே மாதம், அவருக்குச் சித்தம் சரியில்லை என்று பெற்ற மகனே சிகாகோ கோர்ட்டுக்குப் போனார். சொந்த வீடில்லாமல் ஹோட்டல் அறையில் தங்கியிருந்த அந்த அம்மாள் ஜன்னல் திரைச்சீலைகளை வாங்கிக் குவித்திருந்தார். மாட்ட ஜன்னல் ஏது? கடிகாரங்கள், நகைகள், வாசனைத் திரவியங்கள் என்று பெட்டி பெட்டியாக உபயோகிக்காமல் கிடந்தன. அவருக்குச் சரக்கு விற்ற கடைக்காரர்களும் அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்.

கோர்ட் அவரைச் சித்தம் பிசகியவர் என்று தீர்மானித்தது; 1876-ல் இன்னொரு விசாரணையில் அந்தத் தீர்ப்பு நீங்கியது. அவருக்கு உண்மையில் என்ன நோய், நோயே இருந்ததா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நம் மனதில் உறுத்துவது அந்தக் கடைக்காரர்கள்தான். விற்கும்போது வாய் திறக்காதவர்கள், கூண்டில் ஏறிய பிறகு வாய் திறந்தார்கள்.

ஜெர்மனி நாட்டு மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் 1915-ல் இதை 'ஒனியோமேனியா' என்ற பெயரில் எழுதினார். 'விற்பனைக்கு உள்ளது' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் டாக்டர்களிடையே இது பற்றி ஒருமித்த கருத்து இல்லை. 2013-ல் வெளியான அமெரிக்க மனநல நூல் சூதாட்டத்தை அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தது. வாங்கும் பழக்கத்துக்கு இன்னும் ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதற்குத் தனி இடம் தராமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் 'இதர வகை' என்ற பகுதியில்தான் இதை வைத்திருக்கிறது.

2006-ல் அமெரிக்காவில் 2,513 பேரிடம் தொலைபேசியில் விசாரித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 5.8 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து கிருஷ்ணகிரிக்குப் போட முடியாது. ஆனால் அதில் ஒரு விவரம் நமக்கும் வேண்டியது. பெண்களில் 6 சதவீதம் என்றால் ஆண்களில் 5.5 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. புடவைக் கடை என்றால் பெண்கள் மயங்கிவிடுவார்கள் என்று மேடையில் கேலி பேசுகிற நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் ஷூவும் ஹெட்போனும் வண்டிக்கு மாட்டுகிற சாமானுமாக வாங்குகிறார்கள். அதைக் கேலி செய்ய ஆளில்லை, அவ்வளவுதான். வயது குறைந்தவர்களிடமும் வருமானம் குறைந்தவர்களிடமும் இது அதிகம் என்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது.

பார்சல் வாங்கி வைக்கும் கடை

சிப்காட் பக்கம் சந்துகளில் மளிகை வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புது உத்தியோகம் சேர்ந்திருக்கிறது. ஷிப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகளின் அறை பகலில் பூட்டியே இருக்கும். பார்சல் கொண்டுவருகிறவர் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரரும் முகத்துக்காக வாங்கி அரிசி மூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி சொன்னதை இங்கே எழுதுகிறோம்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை பார்த்த பையன். முதலில் மாதம் ஒரு பார்சல் வந்தது. பிறகு வாரம் இரண்டு, அதன்பிறகு தினம் ஒன்று என்கிற மாதிரி ஆனது. ஆரம்பத்தில் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு ஓடிவந்து பார்சலை வாங்கி அங்கேயே பிரிப்பானாம். நாள் ஆக ஆக எடுக்கவே வருவதில்லை.

"தம்பி, போன வாரத்துப் பொட்டியே இங்க கிடக்குதேப்பா?"

"இருக்கட்டும்ணா, அப்புறம் எடுத்துக்கறேன்."

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. இதற்கு நடுவில் அவன் பற்று நோட்டில் அரிசி, எண்ணெய், முட்டை பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஷூவுக்கும் வாட்ச்சுக்கும் ரொக்கம் போய்விட்டது, சோற்றுக்குக் கடன். "சம்பளம் வாங்குற பையன் முட்டைக்குக் கடன் சொல்றானே, என்னன்னு அப்பவே நினைச்சேன், கேட்கத்தான் கூச்சமா இருந்தது" என்றார் அந்தக் கடைக்காரர். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் அக்கா வீட்டுக்காரர் வந்து 4,200 ரூபாய் பாக்கியைத் தீர்த்துவிட்டு, திறக்காமல் கிடந்த ஐந்து பெட்டிகளையும் எடுத்துப் போனார். பையன் தன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்ததும், கைப்பேசிக் கடன் செயலிகள் நான்கில் வாங்கியிருந்ததும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஐந்து பெட்டியில் மூன்றில் இருந்தது ஒரே மாதிரி தோள்பை.

அமெரிக்காவில் பேபர், ஓகுயின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1992-ல் இதைக் கண்டுபிடிக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். மேலே சொன்ன 2006 கணக்கும் அதை வைத்து எடுத்ததுதான். அதில் கேட்கப்படுகிறவற்றை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: அடுத்த சம்பளத்துக்குள் கையில் காசு மிச்சமிருந்தால் அதைச் செலவழித்தே தீரவேண்டும் என்று இருக்கிறதா? மனசு சரியில்லாதபோது அதை ஆற்றுவதற்காகவே வாங்குவது உண்டா? கடைக்குப் போகாத நாளில் படபடப்பாக இருக்கிறதா? செலவு செய்த கணக்கு வெளியே தெரிந்தால் மற்றவர்கள் திகைத்துப்போவார்கள் என்ற பயம் இருக்கிறதா? வாங்க வசதி இல்லை என்று தெரிந்தும் வாங்குவதுண்டா? ஒன்றிரண்டுக்கு 'ஆமாம்' என்று யாரும் எப்போதாவது சொல்லத்தான் செய்வார்கள். தலைவலி வந்தவருக்கெல்லாம் மூளையில் கட்டி என்று பயப்படுவதுபோல் இதைப் பார்க்கக்கூடாது. எல்லாமே அடிக்கடி, மாதக்கணக்காக, கடனும் பொய்யும் வந்த பிறகும் நிற்காமல் நடக்கிறதென்றால், அது வெறும் ஊதாரித்தனம் அல்ல.

கேட்டால் அவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா என்று நினைக்கும்போது ஒரு துடிப்பு, தேடும்போது ஒரு சுகம், பணம் கட்டியதும் ஒரு நிம்மதி, கொஞ்ச நேரத்தில் 'ஏன் வாங்கினோம்' என்ற வேதனை. அந்த வேதனையை மறக்க அடுத்ததைத் தேடுவார்கள். குடிப்பழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சக்கரம் புரியும். பலருக்குள் மனச்சோர்வோ பயமோ முன்பே இருந்து, அதுதான் இப்படி வெளிப்படுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஊர் விட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேரோடு படுத்து, இரவு ஷிப்ட் பார்க்கிற பிள்ளைக்கு நாளைக்கு ஒரு பார்சல் வரும் என்பது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு என்று யோசித்துப் பார்த்தால் கோபம் வராது.

கடை கைக்குள் வந்த கதை

முன்பெல்லாம் வாங்க வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரவேண்டும். கடை எட்டரை மணிக்குச் சாத்திவிடும். பாக்கெட்டில் இருக்கும் நோட்டை எண்ணித்தான் கொடுக்கவேண்டும். எண்ணும்போதே பாதி ஆசை இறங்கிவிடும். இவை எல்லாம் வேலிகள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வேலிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2007-ல் பக்கத்துப் பெங்களூரில் பிளிப்கார்ட் தொடங்கியது. முதலில் புத்தகம்தான் விற்றார்கள். 2010-ல் பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றார்கள். 2013-ல் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. 2014 அக்டோபர் 6-ஆம் தேதி நடத்திய முதல் 'பிக் பில்லியன்' விற்பனையில் பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்குச் சரக்கு போனதாக பிளிப்கார்ட் அறிவித்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது, எண்ணிக் கொடுக்க நோட்டே வேண்டாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் ஜூஜுவாடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வணிகவரிச் சோதனைச் சாவடியும் போயிற்று. அதில் நமக்கும் நன்மைதான், மறுப்பதற்கில்லை.

இணையக் கடைகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் சங்கக் கூட்டங்களில் அது தாராளமாகவே நடக்கிறது. ஆனால் விற்பனையில் ஒரு எல்லை உண்டு. அதைச் சட்டமும் இப்போது சொல்கிறது. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. 'இன்னும் இரண்டே பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்கிறவரை வெட்கப்பட வைக்கிற மாதிரி வாசகம் போடுவது, சேர்ந்த சந்தாவிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் செய்வது எல்லாம் அதில் உண்டு. அதே நவம்பரில் ரிசர்வ் வங்கியும் பொருள் வாங்கக் கொடுக்கும் தனிநபர் கடன்கள் தாறுமாறாகப் பெருகுவதைப் பார்த்து, அவற்றுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்கும்படி விதியை இறுக்கியது. பதறிப்போகாத வங்கியே பதறுகிறதென்றால் கீழே நிலைமை என்ன என்று யூகித்துக்கொள்ளலாம்.

நம் கிடங்கையும் ஒருமுறை பார்ப்போம்

இவ்வளவும் வாடிக்கையாளரைப் பற்றி. வியாபாரிக்கு இந்த நோய் வராதா? வரும். அதற்கு 'ஸ்கீம்' என்று பெயர்.

மாதக் கடைசி வாரத்தில் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி வருவார். டார்கெட் முடிக்கவேண்டிய அவசரம் அவருக்கு. "அண்ணாச்சி, இன்னும் பத்து பெட்டி எடுத்தீங்கன்னா அடுத்த ஸ்லாப் வந்துடும், ஒரு பெட்டி ஃப்ரீ" என்பார். மிக்ஸி, தங்கக்காசு, வெளிநாட்டுப் பயணம் என்று ஆசை காட்டுவார். எடுக்கும்போது மனசுக்குள் ஒரு வெற்றி. அந்தச் சரக்கு நம் கடையில் ஓடுமா என்ற கேள்வி அந்த நிமிஷம் எழுவதில்லை. சில கடைகளில் கிடங்கைப் பார்த்தால், போன வருஷத்துப் பெட்டி திறக்காமல் கீழே இருக்கும். அதன்மேல் அதே சரக்கில் புதுப் பெட்டி ஏறியிருக்கும். அந்தப் பையன் விட்டுப்போன ஐந்து பெட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இது கொஞ்சம் உயரமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் 4 சதவீதம் கூடுதல் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் லாபம் என்று தோன்றும். நம் கடையில் அந்தச் சரக்கு மாதம் 15,000 ரூபாய்க்குத்தான் ஓடும். அப்படியானால் முதல் மாதம் 85,000 ரூபாய் தேவையில்லாமல் முடங்குகிறது. இரண்டாம் மாதம் 70,000, பிறகு 55,000, 40,000, 25,000, 10,000. கூட்டினால் 2,85,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி. ஒன்றரை வட்டி என்றால் 4,275 ரூபாய். வந்த தள்ளுபடிக்கு மேல் 275 ரூபாய் கைவிட்டுப் போகிறது. எலி, ஈரம், தேதி முடிந்த சரக்கு, இதே பணத்தில் நன்றாக ஓடுகிற பருப்பு எடுக்க முடியாமல் போனது ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை. மாதம் 25,000 ரூபாய்க்கு ஓடுகிற சரக்காக இருந்தால் அதே ஸ்கீமில் வட்டி 2,250 ரூபாய்தான், லாபம் நிற்கும். ஆகவே ஸ்கீம் எல்லாம் மோசம் என்று நாம் சொல்லவில்லை. பேனா எடுத்துக் கணக்குப் போடுகிறவர் வியாபாரம் செய்கிறார். பிரதிநிதி வரும்போதெல்லாம் கை பரபரக்கிறவரும், சரக்கு வந்த பில்லைப் பங்காளிக்கும் மனைவிக்கும் தெரியாமல் மேஜை டிராயரில் வைக்கிறவரும் தம்மைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

கடைக்காரர் செய்யக்கூடியது

நாம் டாக்டர் இல்லை. ஒருவர் முகத்துக்கு நேரே 'உங்களுக்கு நோய்' என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

பழைய மளிகைக் கடைக்காரர்களுக்கு "இது வீட்ல இருக்காம்மா, பார்த்துட்டு வாங்க" என்று சொல்கிற வழக்கம் இருந்தது. அது வியாபாரத்தைக் கெடுக்கவில்லை. மூன்று தலைமுறை அதே கடைக்கு வந்தது அதனால்தான். பற்று வைக்கும் கடைகளில் சிலர் இப்போதே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் மட்டும் பற்றில். அழகு சாமான், பிளாஸ்டிக், பொம்மை எல்லாம் ரொக்கம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் மனக்குறை இல்லை. நமக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. பிரிக்காத பொருளை இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மனதோடு போராடித்தான் அதைக் கொண்டுவந்திருப்பார். ஏற்கெனவே பாக்கியில் இருக்கிறவருக்குக் கைமாற்று கொடுப்பது உதவி ஆகாது.

பார்சல் வாங்கி வைக்கிறவர்கள் நாலு நாளுக்கு மேல் பெட்டி கிடந்தால் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில், தனியாக ஒரு வார்த்தை கேட்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டால் அவர் கடையை மாற்றுவாரே தவிர பழக்கத்தை மாற்றமாட்டார். வீட்டாருக்குச் சொல்லிவிடுவது பற்றி நம் நண்பர்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்போல் பேசினாலோ, கடன்காரர்கள் மிரட்டுவது தெரிந்தாலோ உடனே சொல்லிவிட வேண்டும்; மற்ற சமயத்தில் முதலில் அவரிடமே பேசுவது மரியாதை என்பது நம் அபிப்பிராயம்.

மாட்டிக்கொண்டவர் தாமாகச் செய்யக்கூடியதும் உண்டு. கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை அழித்துவிட்டு, வாரச் செலவை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொண்டால், எண்ணிக் கொடுக்கிற வேலி திரும்ப வந்துவிடும். பிடித்ததைச் சீட்டில் எழுதி ஒரு நாள் வைத்திருந்து, மறுநாளும் வேண்டும் என்றால் வாங்கலாம். சம்பளக் கணக்கைக் கொஞ்ச காலம் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். இவற்றால் நிற்கவில்லையென்றால் சிகிச்சை வேண்டும். மருந்தைவிட, மனநல ஆலோசகர் வாரா வாரம் உட்கார வைத்துப் பேசி, எந்த நினைப்பு வரும்போது கை போகிறது என்று கண்டுபிடித்து மாற்றுகிற முறைக்குத்தான் இதில் பலன் தெரிந்திருக்கிறது.

அதற்கு நம் பகுதி மக்கள் வெகுதூரம் போகவேண்டாம். நாட்டிலேயே பெயர்பெற்ற மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பெங்களூரில் இருப்பது நம் ஊர்ப் பெயரில் உள்ள ஓசூர் ரோட்டில்தான். இங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள். கைப்பேசி, இணையம் சம்பந்தமான பழக்கங்களுக்காக அங்கே 2014 முதல் தனிப் பிரிவே நடக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் வசதியாக 24 மணி நேரமும் அந்த எண்ணில் ஆள் இருப்பார்கள்.